பாவிச்ச சாமான்

என் தம்பி ஜப்பானில், கடைகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி அடைத்துக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். அவனுக்குப் பேசியிருந்த பெண்ணுக்கு அவன் அனுப்பிய முதல் பரிசு, எங்களுக்கு வந்த பெரிய பெட்டிக்குள், சொக்லட்டுக்கும் வலித் தைலத்துக்கும் நடுவே தனியாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அம்மா அதைத் தூக்கிப் பார்த்து ஹேண்ட்பேக் என்றார். நான் கைக்கடிகாரமாக இருக்கும் என்றேன்.

ஜாதகம் பொருந்தியிருந்தது. இரண்டு வீட்டிலும் பெரியவர்களுக்குச் சம்மதம். பெண் மட்டும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். றக்வானைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவள். அவள் யோசித்து முடிப்பதற்குள் இந்தப் பரிசு போய்ச் சேர்ந்தால் நல்லது என்பது அம்மாவின் எண்ணம். சனிக்கிழமை எங்கள் ஊர் கஹவத்தையில் பஸ் ஏறினோம்.

அவர்கள் வீட்டு ஹோலில் எல்லோர் முன்னாலும் அவளே சுற்றியிருந்த தாளைப் பிரித்தாள். உள்ளே கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் அட்டைப் பெட்டி. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சாண் உயரத்தில், வெள்ளியும் சிவப்புமான கவசம் போட்ட ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தலையில் வண்டின் கண்களைப் போல இரண்டு பெரிய கண்கள். வாய் இல்லை.

தேயிலை பெக்டரியில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற அவள் அப்பா, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரோபோவாங்க?" என்று அவள் அம்மா கேட்டார்.

"அங்க எல்லாம் இப்ப இதுதாங்க," என்றார் என் அம்மா. எதற்கு 'இதுதான்' என்று அவர் சொல்லவில்லை.

"எங்க மகளுக்கு இருபத்தெட்டு வயசுங்க."

தேநீர் வந்தது. மழையைப் பற்றியும் றப்பர் பால் வெட்டு நின்றுபோனதைப் பற்றியும் பேசினோம்.

நாங்கள் கிளம்பியபோது அந்தப் பெண் ரோட்டு முனை வரை வந்தாள். பெட்டியை ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்கப் போகிறாள் என்று அம்மாவின் முகம் சொன்னது.

"அக்கா, நீங்க பேப்பர்ல விமர்சனம் எழுதினவங்கதானே?"

"சினிமாவுக்கு. அதுவும் விட்டு ரொம்ப நாளாச்சு."

"இதுக்கும் ஒண்ணு எழுதித் தாங்க. என்ன சாமான், எப்பிடிச் செஞ்சிருக்காங்க, எது நல்லாருக்கு, எது கொறை. தம்பியோடதுன்னு புகழ்ந்து எழுதாதீங்க."

"அவன்கிட்டயே கேட்டுப் பாக்கலாமே?"

"ரெண்டு தரம் பேசினோம். ரெண்டு தரமும் சுத்தி எல்லாரும் இருந்தாங்க. ஒருக்கா 'ம்'னாரு. இன்னொருக்கா 'சரிங்க'ன்னாரு. அந்த மனுசன்கிட்ட என்னன்னு கேக்குறது? இத என்ன நெனச்சு அனுப்பினாருன்னு எனக்கு வெளங்கல. சாமானையாவது வெளங்கிக்கிட்டா ஒரு பதில் சொல்லலாம்."

திரும்பி வந்த பஸ்ஸில் கொண்டக்டர் அவள் தந்த பைக்குள் எட்டிப் பார்த்தான். "மொகத அக்கே, போனிக்கெக்த?" பொம்மையா என்று சிங்களத்தில் கேட்டான்.

"நே மல்லி, மெஷிமக்," என்றார் அம்மா. மெஷின் என்று சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியது.

பத்திரிகையில் எனக்குச் சொல்லித் தந்த முதல் விஷயம், முதல் பந்தியிலேயே யார், என்ன என்பது தெரிந்துவிட வேண்டும் என்பது. இந்த விமர்சனத்தில் நான் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். பொம்மை என்று எழுதினால், பெட்டியில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று இலக்கத்தில் போட்டிருந்தது. சிலை என்றால் கை, கால், இடுப்பு, விரல் எல்லாம் மடங்கின. கடைசியில் 'உருவம்' என்று எழுதினேன். அதுவும் சரியாகப் படவில்லை.

கவசத்தைக் கழற்ற முடியும் என்பதுதான் அதன் சிறப்பு என்று பெட்டியின் பின்பக்கப் படங்கள் காட்டின. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தோள், மார்பு, முன்கை, தொடை, கணுக்கால் என்று துண்டு துண்டாக வந்தது. சில துண்டுகள் உலோகம், உள்ளங்கையில் குளிர்ந்தன. மற்றவை பிளாஸ்டிக், ஆனால் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாத பூச்சு. வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழப்பம் வேறு இடத்தில் இருந்தது. கவசம் முழுவதையும் கழற்றினால் உள்ளே மனிதன் இருப்பான் என்று எதிர்பார்த்தேன். உள்ளே கறுப்பு நிறத்தில் இன்னொரு உடுப்பு இருந்தது, அதுவும் கவசம் மாதிரியே. தலையைக் கழற்றினால் மாட்டுவதற்கு வேறு இரண்டு தலைகள் தட்டில் கிடந்தன. ஒன்று உடைந்த முகமூடி. மற்றது சாதாரண இளைஞன் ஒருவனின் முகம், கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு. இவர்களில் யார் அந்த வீரன்?

அம்மா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொழுந்துக்குப் போகும் தாய்மார் விட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பொம்மை விஷயத்தில் அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மதிப்பு உண்டு.

"இத வச்சு எந்தப் புள்ளயும் அஞ்சு நிமிசம் வெளாடாது. கை கழண்டா வாயில போட்டுக்கும்."

"இது புள்ளைங்களுக்கு இல்லம்மா."

"பின்ன யாருக்கு? கோயில்ல சாமிக்குக் கவசம் கழட்டுறதுன்னா திரையப் போடுவாங்க. நீ லைட்டப் போட்டுக் கழட்டுற."

எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைக்கும்போதுதான் ஒட்டுநாடாவைக் கவனித்தேன். மூடியில் வட்டமான, தெளிவான ஒட்டு ஒன்று. அதை யாரோ பிளேடால் நேர்க்கோட்டில் அறுத்திருந்தார்கள். அதன் மேல் அதே அளவில் இன்னோர் ஒட்டு, ஓரத்துக்கு ஓரம் பொருந்த ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பெண் ஒட்டைப் பிய்க்கவில்லை. ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்த்தாள். நான் பிய்த்தபோது இரண்டும் சேர்ந்து வந்ததால் முதலில் தெரியவில்லை. உருவத்தை மறுபடி எடுத்து விளக்குக்குக் கிட்டப் பிடித்தேன். இடது முழங்கால் கவசத்தில் ஒரு கீறல். இடுப்பு மூட்டில் துணிப் பஞ்சு. தோள் துண்டின் விளிம்பில், விரல் படும் இடத்தில், வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தது.

இது புதிது இல்லை.

உள்ளே இருந்த ஜப்பானிய விளக்கத் தாளையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கஹவத்தை டவுனில் போன் கடை வைத்திருக்கும் முதலாளியிடம் போனேன். அவருடைய நானா, மூத்த சகோதரர், ஜப்பானில் வாகன வியாபாரம் செய்கிறார். முதலாளி தாளின் மேல் போனைப் பிடித்தார். அது தமிழில் மொழிபெயர்த்தது. இடுப்பை நீக்கிய பின் தலையை மகிழ்ச்சியுடன் அழுத்தவும் என்று வந்தது. இன்னோர் இடத்தில், தோள் கோபப்படலாம், கவனம் என்று இருந்தது. இருவரும் சிரித்தோம். பிறகு ஒட்டைக் காட்டினேன்.

"இதுகள பொட்டி ஒடைக்காம ஷோகேஸ்ல வெக்கிறதுக்குத்தான் வாங்குற, தங்கச்சி. ஒடச்சா மதிப்பு போயிரும்."

"அப்ப மதிப்பில்லாத சாமானா?"

"அப்பிடியும் செல்ல ஏலா. சிலபேர் ஒடச்சு எடுத்து, சொந்தப் புள்ளய மாதிரி வெச்சிக்குவாங்க. அப்பிடி வெச்சத உசிரு போனாலும் யாருக்கும் குடுக்க மாட்டாங்க."

"இது அதுல எது?"

"குடுத்தவர்ட்டத்தான் கேக்கணும்."

அன்று மாலை தம்பியை அழைத்தேன். "டேய், அது பழசாடா?"

"பழசு இல்லக்கா. என்னோடது."

"கடையில புதுசு இல்லையா?"

"இருக்கு."

"பின்ன ஏன்டா வாங்கி அனுப்பல?"

"புதுசப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா," என்றான்.

"என்ன தெரியாது?"

"ஷிஃப்டுக்கு நேரமாச்சு. அப்பறமா எடுக்கிறேன்."

விமர்சனத்தில் மற்றதெல்லாம் எழுதி முடித்து, ஒட்டைப் பற்றிய பந்தியில் இருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார்.

"டேப்பப் பத்தி எழுதாத."

"கேட்டது விமர்சனம்மா. கொறையையும் எழுதச் சொன்னாங்க."

"பொண்ணுக்குக் குடுக்கிற துணியில ஒரு நூலு பிரிஞ்சிருந்தாலே ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. நீ பாவிச்ச சாமான்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போற. இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா நான் இனி யாரு வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

"அவங்களே பாத்துட்டா?"

"எல்லாரும் ஒன்னய மாதிரி டேப்பயா பாத்துக்கிட்டு இருக்காங்க?"

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பார்த்ததை விட்டுவிட்டு எழுதினால் மீதியை அந்தப் பெண் எதற்காக நம்ப வேண்டும்? இப்படி முடித்தேன்: 'பெட்டி முன்பே திறக்கப்பட்டது. உருவம் நீண்ட காலம் கையாளப்பட்டிருக்கிறது. அனுப்பியவர் இது தன்னுடையது என்கிறார். சேகரிப்பவர்கள் இதை மதிப்புக் குறைவு என்றும் சொல்வார்கள், பெரிய மதிப்பு என்றும் சொல்வார்கள். இந்த விமர்சகரால் முடிவு சொல்ல முடியவில்லை.' போனில் அனுப்பினேன்.

மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது, அது கத்துவதைவிட மோசம். "பாவிச்ச சாமானையாங்க அனுப்புனாரு, தம்பி?"

"ஆமாங்க."

"சரிங்க," என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அடுத்த போயா பௌர்ணமி லீவில், முன்னறிவிப்பு இல்லாமல், அந்தப் பெண் தனியாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முடிவை நேரில் சொல்ல வந்திருக்கிறாள் என்ற பயத்தில் அம்மா துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தார். அவள் உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், உருவத்தைக் கேட்டாள். மேசையில் வைத்துக் கவசத்தைக் கழற்றினாள். என்னைவிட வேகமாக வந்தது. பிறகு போடத் தொடங்கினாள். இடது தோளில் ஒரு துண்டு ஏறவில்லை. நான் முயன்றேன், ஏறவில்லை. அவள் தன் போனை எடுத்து, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, என் தம்பியை வீடியோவில் அழைத்தாள்.

அவன் பனியனோடு வந்தான். அவளைக் கண்டதும் ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

"இந்தத் துண்டு ஏற மாட்டேங்குது," என்றாள் அவள், வேறு எதுவும் சொல்லாமல்.

"கொஞ்சம் கிட்டக் காட்டுங்க. ஆ. மொதல்ல அவன் கையத் தூக்கணுங்க. கையத் தூக்காட்டி ஏறாது."

"தாள்ல அப்பிடி இல்லையே?"

"தாள்ல இருக்காது. கழட்டிக் கழட்டிப் போட்டாத்தான் தெரியும்."

"தெனமும் கழட்டுவீங்களா?"

"லீவு நாள்ல."

"எதுக்கு?"

"தெரியலைங்க. கழட்டிட்டு மறுபடி போட்டா ஒரு மணித்தியாலம் போயிரும்."

அவள் கையைத் தூக்கி வைத்தாள். "முழங்கால்ல கீறல் இருக்குன்னு அக்கா எழுதியிருக்காங்க."

"அது பூமி ஆடினப்ப விழுந்தது."

"பூமி ஆடுச்சா!"

"சின்னதுதாங்க. அங்க அடிக்கடி ஆடும். அல்மாரிய விட்டுட்டு இவனத்தான் பிடிக்கப் போனேன். பாதிதான் பிடிபட்டான்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் அத்தனை வாக்கியங்கள் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார். தோள் ஏறியது. பிறகு தொடை, பிறகு கணுக்கால். எந்தத் தலையை மாட்டுவது என்று கேட்டாள். தூங்கி வழியும் தலையைத் தனக்குப் பிடிக்கும் என்றான். அவள் வண்டுக் கண் தலையை மாட்டினாள். அழைப்பு முடிந்தது.

அவள் உருவத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடிக் கைக்குள் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப... என்னம்மா சொல்ற?" என்றார் அம்மா.

"பஸ்ஸு போயிரும் அத்தை. வாறேன்."

அவள் போன பிறகு அம்மா பல நாள்களில் முதல் தடவையாக என்னிடம் பேசினார். "நீ பக்கத்துலயே உக்காந்திருந்தியே. அவன் கேட்டானா? அவ ஒத்துக்கிட்டாளா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருந்தது. அதில் கேள்வியும் இல்லை, சம்மதமும் இல்லை. "தெரியலம்மா," என்றேன்.

"இவ்வளவு படிச்சு என்ன பிரயோசனம்?"

விளக்கு வைக்கும் நேரம் அவள் அம்மா அழைத்தார். "நாள் பாக்கச் சொல்றா மகள். பாவிச்ச சாமான்னு கேட்டதுலருந்து நேத்து வரைக்கும் நானும் அவ அப்பாவும் வேணாம்னுதான் இருந்தோம். இப்ப அந்தச் சாமானக் கொண்டாந்து சாமி அல்மாரிக்குப் பக்கத்துல வச்சிருக்கா. என்னங்க நடந்திச்சு அங்க?"

பொய் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "தோளுல ஒரு துண்டு ஏறாம இருந்திச்சுங்க," என்றேன். "ரெண்டு பேருமாச் சேந்து ஏத்தினாங்க."

"எந்தத் தோளுங்க?"

"இடது."

அவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இடது தோளாம்," என்று கணவரிடம் சொல்வது கேட்டது.