கார் கதவை நசுக்கிய ஆட்டோவும் தேதி முடிந்த தாள்களும்

இன்று காலை மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி வாங்கிவிட்டு வந்தால், ஓரமாக நிறுத்தியிருந்த என் காரின் கதவு நசுங்கியிருந்தது. இடித்த ஆட்டோக்காரர் ஓடிவிடாமல் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இன்சூரன்ஸ் முடிஞ்சி போச்சும்மா. போலீசுக்குப் போனா வண்டிய புடிச்சிக்குவாங்க. இதாம்மா எனக்கு சோறு போடுது."

என் ஏஜென்டுக்குப் போன் செய்தேன். "உங்களுது ஃபுல் கவர் மேடம். இடிச்சவருக்கு இன்சூரன்ஸ் இல்லைன்னாலும் நம்ம கம்பெனியே கதவை சரிபண்ணிக் குடுக்கும். க்ளெய்ம் பண்ணாதவங்களுக்குத் தர்ற போனஸ் தள்ளுபடி மட்டும் அடுத்த வருஷம் கிடைக்காது. வண்டிப் பேப்பரையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புங்க."

"அப்ப நான் கெளம்பட்டாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"என் கதவுக்கு பாலிசி இருக்குப்பா. நாளைக்கு ஒரு ஸ்கூல் பிள்ளை மேல இடிச்சா, அது கிட்ட பாலிசி இருக்குமா?"

அவர் ஆட்டோவில் உட்கார்ந்து, போனிலேயே இன்சூரன்ஸைப் புதுப்பித்தார்.

நான் தாள்களை பானட்டில் பரப்பிப் படம் எடுத்தேன். எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "இன்னாம்மா, உன் பொகை சர்ட்டிபிகேட்டு முடிஞ்சி மூணு மாசம் ஆவுது!"

புகைப் பரிசோதனைக்கு அவரே வழிகாட்டி முன்னால் போனார்.

நண்பர்களே, வண்டித் தாள்களை எடுத்துப் பாருங்கள். தேதி முடிந்தவர்கள் இங்கே கை தூக்கலாம். முதல் கை என்னுடையது.