உப்பு பார்த்த சாளைக் குழம்பு

போன ஞாயிற்றுக்கிழமை என்னை நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். ஓசூர் பைபாஸ் பக்கம் ஒரு ஓட்டலில் கடல் மீன் சமையல், காக்டெயில் போட்டி. கடலே இல்லாத ஊரில்! ஜோடியாகத்தான் வர வேண்டும். ஒருவர் மீன் சமைக்க, மற்றவர் அதற்குத் தோதாக ஒரு பானம் கலக்க வேண்டும். சரக்கு சேர்ப்பது அவரவர் விருப்பம்.

"வஞ்சிரம் உண்டா?" என்று கேட்டு சக நடுவரான ஓட்டல் செஃப்பிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "எல்லாரும் அதையே பிடிச்சா கடல்ல என்ன சார் மிஞ்சும்?" என்றார். எனவே ஏராளமாகக் கிடைக்கிற சாளை, அதாவது மத்தி, மட்டும்தான். ஜோடிக்கு மூன்று மீன். நடுவருக்கு ஒன்று வீதம்.

நாலாவது அடுப்பில் செல்வி. தூத்துக்குடிப் பெண், ஆறு மாத வயிறு. பக்கத்தில் கணவர் முனிராஜ், காவேரிப்பட்டினத்துக்காரர். மாம்பழச் சாற்றில் மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே ஃபேக்டரி.

"பரிசு அடிச்சிடுவீங்களா?" என்றேன்.

"பரிசு யாருக்கு சார் வேணும்?" முனிராஜ் குரலைத் தாழ்த்தினார். "மத்திகிரில வாடகை ஊடு. மீன் வாசனையே ஆவாதுன்னுட்டாரு ஓனரு. இவளுக்கு மூணு மாசமா சாளக் கொழம்பு மேலயே ஏக்கம். ஓட்டல்ல வாங்கியாந்தா வாய்ல வெக்க மாட்டேங்கறா. இங்கன்னா அடுப்பு குடுக்கறாங்களே..."

ஊர் மாறினால் வாய் பழகிவிடும் என்கிறோம். எங்கே பழகுகிறது? வயிற்றில் பிள்ளை வந்ததும் நாக்கு சொந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறது!

ஆனால் மீன் நடுவர்களுக்குத்தான் – சமைப்பவர் உப்பு மட்டும் பார்க்கலாம். விதியைச் சொன்னதும் செல்வியின் முகம் வாடிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. எஸ்டிடி பூத்திலிருந்து அம்மாவிடம் பக்குவம் கேட்டு எழுதி வந்திருந்தாள். தேங்காய் அரைத்தாள், புளி கரைத்தாள். குழம்பு கொதித்ததும் அந்த ஹாலே மணத்தது.

மணி அடித்தது. தட்டுகள் வந்தன. நாலாவது தட்டில் கொஞ்சம் குழம்பு... மூன்று மீனின் முள் மட்டும்.

"உப்பு பாக்கத்தான் ஒரு துண்டு எடுத்தேன் சார். பெறவு... எங்கம்மா வைக்க மாரியே இருந்துச்சு." செல்வி அழுதேவிட்டாள்.

"நாந்தான் சார் சாப்புடச் சொன்னேன்," என்று முனிராஜ் முன்னால் வந்தார்.

"இல்ல சார், இவுக பாக்கவே இல்ல."

ஒருவர் பழியை ஒருவர் பிடுங்கிக்கொண்டு நின்றார்கள். செஃப் மட்டும் விறைப்பாக மார்க் தாளை எடுத்தார். 'ருசி' கட்டத்தில் கோடு போட்டார். அடுத்த கட்டம், 'மீனை வீணாக்காமை'. முள்ளைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு துணுக்குச் சதை இல்லை.

பத்துக்குப் பத்து!

பரிசு வேறு ஜோடிக்குத்தான் போனது. இருந்தாலும் என் தாளில் நான் ருசிக்கும் பத்து போட்டேன் – ஒரு துண்டுகூடச் சாப்பிடாமல்.