சீலை ஓரத்தில் கடித்த கமர்கட்டு

என் பெயர் எஸ்தர். பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு கிராமத்தில் இருக்கிறேன். அஞ்சாவது வரைதான் படித்தேன். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். நடந்தது நடந்தபடி.

என் மகள் ஸ்டெல்லா சாகக் கிடந்தாள். என்னால்தான்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பது என் பிழைப்பு. தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்வோம். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். அதனால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வோம். பறி என்றால் ஓலைக் கூடை. பிடிக்கிற இறாலை அதில் போடுவோம். காலையில் கடித்தால் மதியம்தான் வாயைத் திறப்போம்.

ஸ்டெல்லாவுக்கு எட்டு வயது. ஐந்து வயதில் இறால் தொக்கு தின்று உடம்பெல்லாம் தடித்தது. இன்னொரு தடவை உதடு வீங்கியது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் காட்டினோம். "இறால் இவளுக்கு ஒத்துக்காதும்மா. நண்டும் வேணாம். ஒரு துளிகூட வாயில படக்கூடாது" என்றார்.

என் நாத்தனார் சிரித்தாள். "எறா புடிக்கிறவ வயித்துல பொறந்துட்டு எறா ஆவாதாமா? இன்னா அண்ணி, கலெக்டர் வூட்டுப் புள்ளயா இது? தெனம் ஒண்ணு குடு, பழகிடும்."

நான் கொடுக்கவில்லை. வீட்டில் இறால் சமைப்பதையே விட்டேன். என் வீட்டுக்காரருக்கு இறால் இல்லாமல் சோறு இறங்காது. அவரும் பிள்ளைக்காக விட்டார். இனிமேல் பயமில்லை என்று இருந்துவிட்டேன்.

போன வைகாசி. புதன்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. வீட்டுக்காரர் தொழிலுக்குப் போயிருந்தார். நான் மதியம் ஏரியிலிருந்து வந்தேன். பறியை வாசலில் வைத்தேன். சீலை மாற்றவில்லை. ஸ்டெல்லா ஓடி வந்தாள். கையில் ஒரே ஒரு கமர்கட்டு.

"காக்காக்கடி கடிச்சிக் குடும்மா. ஆளுக்குப் பாதி."

கையைக் கழுவிவிட்டுத்தான் வாங்கினேன். முந்தானை ஓரத்தில் வைத்துப் பொதிந்து, பல்லால் கடித்து உடைத்தேன். எச்சில் படக்கூடாது என்றுதானே துணியோடு கடிப்போம். பெரிய பாதியை அவளுக்குக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம்தான் இருக்கும். "தொண்ட அரிக்குதும்மா" என்றாள். உதடு புடைத்தது. கண் மூடிக்கொண்டது. வாந்தி எடுத்தாள். மூச்சு விசில் மாதிரி வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இறால் தின்னவில்லையே. வீட்டிலேயே இல்லையே. பிறகு எப்படி?

அவளைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்கு ஓடினேன். புதன்கிழமை அங்கே நர்சம்மா தடுப்பூசி போட வருவார். கதவு பூட்டியிருந்தது. வாசலில் பால்வாடி ஆயா நின்றிருந்தாள். "இப்பதாம்மா வண்டி எடுத்துனு போனாங்க" என்றாள். ஆயா போன் போட்டாள், நர்சம்மா எடுக்கவில்லை. 108-க்குப் போட்டாள். வந்துகொண்டிருக்கிறோம் என்றார்கள். தூரம்.

ஸ்டெல்லாவின் உதடு நீலம் பூத்தது. பூட்டிய கதவுக்கு முன் அப்படியே உட்கார்ந்தேன். எனக்கு நீட்டி ஜெபிக்க வராது. "இயேசப்பா, அவங்கள திருப்பி அனுப்பு" என்றேன். அவ்வளவுதான் வந்தது. திரும்பவும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லி முடிக்கவில்லை. ஸ்கூட்டி சத்தம் கேட்டது.

"ஆயா, என் சோத்து டப்பாவ உள்ளயே வெச்சிட்டுப் போயிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நர்சம்மா இறங்கினார். பிள்ளையைப் பார்த்தார். பெட்டியைத் திறந்தார்.

தடுப்பூசி போட்டு யாருக்காவது இப்படி ஆனால் கொடுக்க, அவர் பெட்டியில் ஒரு ஊசி மருந்து எப்போதும் இருக்குமாம். அன்றுவரை எனக்குத் தெரியாது. தொடையில் குத்தினார். "மடியில சாச்சிக்கோ. எழுப்பி நிக்க வெக்காத, நடக்க வெக்காத" என்றார்.

விசில் சத்தம் மெல்லக் குறைந்தது. ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது ஸ்டெல்லா கண் திறந்தாள். "மீதி கமர்கட்டு எங்கம்மா?" என்றாள்.

ஆயா சிரித்துவிட்டாள். நர்சம்மா சிரிக்கவில்லை. "இன்னா கமர்கட்டு?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். முந்தானையைக் காட்டினேன். இன்னும் ஈரம். மோந்து பார்த்தார்.

"எறா நாத்தம் அடிக்குதேம்மா. இதுலயா வெச்சிக் கடிச்ச? பறி கடிச்ச வாயாலயா?"

காலையிலிருந்து பறி கடித்த வாய். இறால் தண்ணீர் ஊறிய துணி. கையை மட்டும் கழுவினேன். சுத்தத்துக்கு என்று வைத்த துணி. அதுதான் என் பிள்ளையின் தொண்டையை அடைத்தது. அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நினைத்தால் பல் கிட்டிக்கொள்ளும்.

அடங்கினாலும் சில பேருக்குத் திரும்ப வரும் என்று பொன்னேரியில் மறுநாள் வரை வைத்துப் பார்த்தார்கள். திரும்ப வரவில்லை. ஸ்தோத்திரம். டாக்டரம்மா அந்த ஊசி மருந்தை எழுதிக் கொடுத்தார். எவ்வளவு, எப்படிப் போடுவது என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் காட்டித் தந்தார். மூச்சு இழுத்தால் யோசிக்காதே, முதலில் ஊசி, உடனே 108 என்றார். பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். இப்போது ஸ்டெல்லா போனால் தனிச் சட்டியில் கத்திரிக்காய் வதக்குகிறாள்.

நர்சம்மாவை டப்பாவை மறக்க வைத்தவர் ஆண்டவர்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தினமும் யாரோ ஒருவர் டப்பாவை மறக்க வேண்டும் என்று அவரைக் கேட்க எனக்கு முகமில்லை. என் பங்கை நான் செய்ய வேண்டும். ஏரியிலிருந்து வந்ததும் பம்பில் சோப்புப் போட்டுக் குளிக்கிறேன். வாய் கொப்பளித்துப் பல் தேய்க்கிறேன். சீலை மாற்றுகிறேன். பறி வீட்டுக்குள் வராது. ஸ்டெல்லா வாசலில் நின்று, "வாய் கழுவினியாம்மா?" என்று அதட்டுவாள். கழுவினேன் என்ற பிறகுதான் கிட்டே வருவாள்.

காக்காக்கடியை அவள் விடவில்லை. இப்போது கடிப்பது அவள்தான். அவளுடைய சுத்தமான பாவாடை ஓரத்தில். எனக்கு எப்போதும் சின்னப் பாதிதான் வரும். ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு எதுவோ ஆகாமல் இருக்கலாம். பழகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கையில் மருந்து வையுங்கள். கதவு பூட்டியிருந்தாலும் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். ஒரு வரி போதும். எனக்கு அந்த ஒரு வரிதான் தெரிந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.