மூன்று பறவைகள் வரைந்த தாள்

சித்தப்பா வீட்டுக்கு நான் இப்போது போவதில்லை. அவருடைய முன்னறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய தாள் தொங்குகிறது. அதற்கென்று தனி விளக்கு வேறு. பார்த்தாலே வயிறு எரியும்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பழுதாகி வாரக்கணக்கில் நின்ற ஒரு கப்பலின் வயதான இன்ஜினீயர் அவருக்குத் தோஸ்தானார். போலந்துக்கார யூதர். அவருடைய தாத்தா யூத வேதத்தின் ஒவ்வொரு எழுத்திலும் ரகசியம் உண்டென்று நம்பி, பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் காப்பு எழுதிக் கொடுத்தவராம். முதலில் ஊரிலிருந்த மெத்தப் படித்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு உலகப்போர் வந்து நம்பியவர்களையும் சிரித்தவர்களையும் சேர்த்தே கொண்டுபோனது. தாத்தா எழுதியதில் மிஞ்சிய ஒரே தாளை இன்ஜினீயரின் டாக்டர் மகன் குப்பையில் போடச் சொன்னானாம். எங்கள் அத்தை இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு மூன்றாவது பிரசவத்துக்கு ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருப்பதை அப்பா சொன்னதும், இன்ஜினீயர் அதை அப்பா கையில் கொடுத்துவிட்டார்.

புரியாத எழுத்துகளுக்கு நடுவே பறவை மாதிரி மூன்று உருவங்கள். உப்புக்காற்றில் வீணாகக் கூடாதென்று அத்தை அதை ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு, மாதா படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினாள். "மாதா பாத்துக்கும். இதுங்க மூணும் தொணைக்கு இருக்கட்டும்" என்றாள். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

சித்தப்பா கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர். "இன்னாக்கா இது? வெள்ளைக்காரனே தூக்கிக் கடாசிட்டான், நீ ஆணியடிச்சி மாட்டிகினுகீற" என்று சிரித்தார். சிரித்த வாயோடு, மறுவாரம் அத்தை ஸ்கேன் எடுக்கப் போன நேரம் பார்த்து வந்தார். "எடுத்துக் குடு கண்ணு, படிச்சிட்டு தந்துடறேன்." எனக்கு எட்டு வயது. ஸ்டூல் போட்டு ஏறினால் எட்டுகிறதே என்ற பெருமையில் எடுத்துக் கொடுத்தேன்.

அத்தை போன் செய்து கெஞ்சினாள். பிரசவம் முடியும்வரையாவது கொடு என்றாள். அவரோ, விலைமதிப்பில்லாத பொருளை லேமினேஷன் போட்டுக் கெடுத்துவிட்டாயே என்று அவளையே திட்டினார். திருடினவனுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்!

அதன்பின் அத்தை தூங்கவில்லை. வலி எடுத்த அன்று, சுவரிலிருந்த வெற்று ஆணியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. "பாத்தியா, காயிதம் இல்லாமயே பொறந்திச்சி" என்று சித்தப்பா வெற்றிவீரர் மாதிரி சொன்னார். நானும் அவர் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அந்தக் கப்பல் கிழவர் தாளைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கொடுக்கவில்லை, மாட்டச் சொல்லிக் கொடுத்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் ஊரில் அதை நம்பி மாட்ட ஒருத்தியும் மிச்சமில்லை. உலகத்தில் கடைசியாக ஒருத்தி ராயபுரத்தில் இருந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, அவள் சுவரிலிருந்து அதைக் கழற்றியது நான்தான்.