ஏழாம் இடத்து ஊசிக்குருவி

என் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் ‘காது’ என்றுதான் பெயர். ஜன்னலுக்கு வெளியே கத்துவது எந்தக் குருவி என்று சாப்பிட்டபடியே சொல்லிவிடுவாள். இலை துளிர்க்கும் மூன்று மாதமும் அவளுக்குக் காட்டில் பறவைக் கணக்கெடுக்கும் வேலை. வண்டி இரைச்சலில் காது கெடக்கூடாது என்று போகும்போது பஞ்சை அடைத்துக்கொள்வாள். குறித்து வைத்த பன்னிரண்டு இடங்களில், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். தன் காதில் விழுந்ததை மட்டும் அட்டையில் எழுத வேண்டும். அடுத்தவர் கேட்டது கணக்கில் சேராது.

இந்த வருடம் ஏழாம் இடத்தில் சிக்கல். அங்கே புதருக்குள் ஊசிக்குருவி கூடு கட்டும். மெல்லிய குரலுக்காகக் கணக்கெடுப்பவர்களே வைத்த பெயர். அது இருக்கும்வரை அந்தத் துண்டுக் காட்டில் கோடாலி விழாது. சீசனுக்கு மூன்று முறை நடந்து கணக்கெடுப்பார்கள்; அந்த மூன்று நடையிலும் இல்லையென்று வந்தால், பாதையை அகலப்படுத்த வெட்டிவிடுவார்கள். இரண்டு நடையில் ‘இல்லை’ என்று சுழி போட்டுவிட்டு வந்தவள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

மூன்றாம் நடையன்று அவளுடைய துணை ஆளுக்குக் கால் சுளுக்கு. தனியாகக் காட்டுக்குள் போகக்கூடாதாம். என்னைக் கூப்பிட்டாள்.

“ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணி. பேசாம நின்னா போதும்.”

“உங்க அண்ணிக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாதே,” என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

விடிந்ததும் போய் நின்றோம். ஏழாம் இடத்தில் நான் மனதுக்குள் ஜபித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் முடிந்தது. அவள் கண் கலங்கியிருந்தது.

“மூணாவது சுழியும் போட்டாச்சு.”

“அது போகட்டும்மா. எண்ணெய் போடாத தையல் மிஷின் மாதிரி புதருக்குள்ள கத்திக்கிட்டே இருக்கே, அது என்ன குருவி?”

அவள் என்னையே பார்த்தாள். “இப்பவுமா?”

“இப்பவும்தான்.”

“எனக்கு ஒண்ணுமே கேக்கல அண்ணி.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் காதுதான் அவளுக்குச் சோறு.

“நான் கேட்டேன்ல, எழுதிடேன். கடவுள் கோவிச்சுக்க மாட்டார்.”

“அவர் கோவிச்சுக்க மாட்டார். எனக்குத்தான் கை வராது.”

அட்டையின் அடியில், ‘என் காது சரியில்லை. மூன்று சுழியையும் நம்ப வேண்டாம்’ என்று எழுதி, தானே மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

“சீசன் முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. முதல்ல டாக்டரைப் பாருங்க. கேட்டுச்சுன்னா மறுபடி போங்க.”

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எத்தனை வருஷமா சேத்து வெச்சீங்க?” வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சியதும் இரண்டு காதிலிருந்தும் பட்டாணி அளவு அழுக்கு உருண்டை. காதைக் காப்பாற்றத் தினமும் அடைத்த பஞ்சே அதை உள்ளே தள்ளித் தள்ளிக் கெட்டியாக்கியிருக்கிறது.

கடைசி நாள் மறுபடி ஏழாம் இடம். நானும்தான், அதே ஜபத்தோடு. இந்த முறை பென்சில் ஓடியது. திரும்பி வரும்போது அட்டையை நீட்டினாள். ஊசிக்குருவி, ஐந்து.

“இன்னொண்ணு அண்ணி. நீங்க மனசுக்குள்ள ஜபம் பண்றதா நினைச்சுக்கிட்டிருக்கீங்க. எல்லாம் வெளியே கேக்குது. பத்து நிமிஷத்துல என் பேரை மட்டும் பதினாலு தடவை சொன்னீங்க.”

நான் என்ன செய்வேன்? யாருக்காகக் கேட்கிறேன் என்று கடவுளுக்குத் தெரிய வேண்டாமா?