கடைசிப் பக்கத்து டீச்சர்

அந்த ஊரில் புத்தகக் கடை வந்ததற்குக் காரணம் அறிவுத்தாகம் என்று யாராவது மேடையேறிச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். காரணம் ஒரு சிரிப்பு. டீச்சரின் வீட்டுக்காரர் பொது நூலகத்தில் உட்கார்ந்து ஏதோ வேடிக்கைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தவர், அடக்கமுடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அது சாதாரணச் சிரிப்பு இல்லை. அவர் தெருவில் சிரித்தால் லாரி பின்னால் வருகிறது என்று ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். நூலகர் எழுந்து வந்து, "இது படிக்கிற இடம், சிரிக்கிற இடம் இல்ல" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மோட்டார் கம்பெனியில் பார்த்துவந்த குமாஸ்தா வேலையை உதறினார். நூலகத்துக்கு நேர் எதிரே, மருந்துக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில், அப்பா விட்டுப்போன ஒற்றை அறையில் புத்தகக் கடை வைத்தார். 'இங்கே எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சிரிக்கலாம்' என்று வாசலில் எழுதியும் போட்டார்.

ஊர்க்காரர்கள் வந்தார்கள், படித்தார்கள், சத்தமாகச் சிரித்தார்கள். வாங்கத்தான் இல்லை.

டீச்சர் என்று ஊர் கூப்பிட்டது அவர் மனைவியை. வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர். கணக்குப் புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்குமே, அதைப் பார்த்துவிட்டுத்தான் எந்தக் கணக்கிலும் கை வைப்பார். கதைப் புத்தகத்துக்கும் அதே வைத்தியம்தான். முதல் பக்கம், கடைசிப் பக்கம், முடிந்தது வாசிப்பு.

"நடுவுல இருக்கறதெல்லாம் வழிமுறை. விடை தெரிஞ்சா போதாதா?" என்பார்.

"அடியே, நாவல்னா என்ன வட்டிக் கணக்கா?" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"வட்டிக் கணக்கா இருந்தா நடுவுலயும் பாத்திருப்பேனே!"

இப்படியே பல வருஷம் வாதாடிக் களைத்து, ஒரு நாள் மத்தியானம், கல்லாவில் உட்கார்ந்தபடி, மடியில் திறந்த புத்தகத்தோடு அவர் போய்ச்சேர்ந்தார். துக்கம் கேட்க வந்த தம்பி, அதாவது டீச்சரின் கொழுந்தன், கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைச் சுவரையும் தட்டிப் பார்த்தார். குளியலறை டைல்ஸ் வியாபாரம் அவருக்கு. அந்த அறையில் பாதியும் அவருடையது.

"நல்ல சுவர் அண்ணி. டைல்ஸ் ஒட்டினா ஜம்முனு நிக்கும்."

"உங்க அண்ணன் போய் இன்னும் மாலைகூட வாடல."

"நான் இப்பவே கேக்கலையே! வருஷக் கடைசி வரைக்கும் நடத்திப் பாருங்க. கடை தன் கால்ல நின்னா நிக்கட்டும், நான் குறுக்க வரமாட்டேன். இல்லன்னா சாவிய என்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா வீட்ல உக்காருங்க."

நிம்மதியாக வீட்டில் உட்காருவது என்றதும், வீட்டில் என்ன மிச்சம் என்று டீச்சர் கணக்குப் பார்த்தார். டியூஷன் பிள்ளைகள் எல்லாம் செல்போனோடு போய்விட்டார்கள். வீட்டில் மிச்சமிருந்தது மகளும் மருமகனும் அவர்கள் அணைக்காமல் பார்க்கிற டிவியும்தான். அந்த டிவித் தொடர்களில் எதற்கும் கடைசிப் பக்கம் என்பதே கிடையாது. பாவம், கணக்கு டீச்சர் எப்படித் தாங்குவார்? கடையைக் காப்பாற்றியே தீருவது என்று இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டார்.

கடையிலோ வாங்காமல் நின்றுகொண்டே படிக்கும் கோஷ்டி ஒன்று நிரந்தரமாகக் குடியிருந்தது. கோஷ்டித் தலைவர் பல் டாக்டர். அங்கே கிளினிக்கில் வாயைத் திறந்தபடி ஆட்கள் காத்திருக்க, இவர் இங்கே ஒரு காலை மடக்கிக் கொக்குபோல நின்று துப்பறியும் நாவலைத் தவணை முறையில் படிப்பார். விட்ட இடத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகிவிட்டுப் போவார். தப்பித்தவறி அந்தப் புத்தகம் விற்றுவிட்டால் சண்டைக்கும் வருவார். "நான் பாதி படிச்சுக்கிட்டிருக்கற புத்தகத்த நீங்க எப்படி விக்கலாம்?"

டீச்சர் ஒரு நாள் தூசி தட்டும் துணியோடு அலமாரி ஓரமாக நகர்ந்து, அவர் காதருகே போய்ச் சொன்னார்:

"வக்கீலோட தங்கச்சிதான் கொன்னது."

மடக்கிய கால் தடாலென்று இறங்கியது. "என்னம்மா இது! அநியாயமா இருக்கே!"

"நின்னு படிச்சா முட்டி வலிக்குமே டாக்டர். அதான் சுருக்கிச் சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து அதுவே கடையின் சட்டமாயிற்று. டீச்சர் துணியைக் கையில் எடுத்தாரோ இல்லையோ, பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். மீதிப் பேர் கையிலிருந்த புத்தகத்தை அவசரமாக வாங்கி, டீச்சர் வரமுடியாத இடமாகப் பார்த்துப் போய்ப் படிப்பார்கள். கடைசிப் பக்கத்து டீச்சர் என்று பெயரே நிலைத்துவிட்டது. கொழுந்தனும் சுவரைத் தட்டுவதைக் குறைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்தா பஸ் நிலையத்துக்கு எதிரே புத்தக மாளிகை திறக்கவேண்டும்? எங்கேயோ இருக்கிற பெரிய கம்பெனியின் கிளை. கண்ணாடிக் கதவு, காப்பி மெஷின், குளிர்சாதனம். உள்ளே தும்மினால் தும்மல் உறைந்துபோய், வெளியே வெயிலுக்கு வந்த பிறகுதான் சத்தம் கேட்கும் என்று ஊரில் பேச்சு. சோபாக்களோ கிணறுபோல ஆழம். அதில் உட்கார்ந்த காண்டிராக்டர் ஒருவரைக் கடை சாத்தும்போது இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கி எடுத்தார்கள். வாசலில் பலகை வேறு: 'எவ்வளவு நேரமும் படிக்கலாம். முடிவை யாரும் சொல்லமாட்டோம்.'

நின்று படித்த கோஷ்டி முழுக்க சாய்ந்து படிக்கும் கோஷ்டியாயிற்று. புத்தகத்தோடு ஜென்மப் பகை கொண்டவர்கள்கூடப் போனார்கள். பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை தினம் ஒரு தடிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, முகவாயில் விரல் வைத்துப் படம் எடுத்துப் போடுவார். எத்தனை படிக்கிறார் இந்த அம்மா என்று ஊரே மெச்சியது. படம் எடுத்த கையோடு புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரியாமல் அலமாரிக்குத் திரும்பிவிடும்.

டீச்சரின் கடையில் தூசி மட்டும் தினமும் தவறாமல் வந்தது. கொழுந்தனும் வந்தார், சுவருக்கு அளவு எடுக்க.

"உங்களுக்கு இளநீலம் பிடிக்குமா, பச்சை பிடிக்குமா அண்ணி?" என்றார் அன்பாக.

டீச்சர் அளவு நாடாவைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தார். மறுநாள் காலை கடையைப் பூட்டிக்கொண்டு, கைப்பையோடு நேரே புத்தக மாளிகைக்குப் போய், சோபாவில் பல் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரியின் கூட்டத்தைக் கலைக்க அவரிடம் இருந்தது ஒரே ஆயுதம்தானே! ஆனால் அங்கே ஒரு சங்கடம். படிக்கத் திறந்துவைத்த புத்தகம் எல்லாம் யார் கையிலாவது இருந்தது. மற்றவை உறைக்குள் இருந்தன. கடைசிப் பக்கத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லை. விடை தெரியாமல் எப்படிச் சொல்வது? வாழ்க்கையில் முதல்முறையாக டீச்சர் விடையைச் சொந்தமாகத் தயாரித்தார்.

"டாக்டர், சமையல்காரன்தான் கொன்னது."

பல் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னது? கொலையானதே சமையல்காரன்தானேம்மா!"

டீச்சர் கண் இமைக்கவில்லை. "அதான் இந்தக் கதைல விசேஷமே."

பல் டாக்டர் பரபரவென்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அங்கே யாரோ ஒருவர் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் எழுதியிருந்தது. செத்தவன் எப்படிக் கொல்லமுடியும்? விடை நடுவில் எங்கேயோ கிடக்கிறது. பக்கத்திலோ டீச்சர் அடுத்த வார்த்தைக்கு வாயெடுக்கிறார். டாக்டர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லாவுக்கு ஓடினார்.

அடுத்தது தலைமையாசிரியை. அவர் மடியில் வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகம் ஒன்று இருந்தது.

"நல்ல புத்தகம். ஆனா கடைசி வழியில, இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் தப்புன்னு அவரே ஒத்துக்கறாரே, அங்கதான் எனக்கு மனசு ஆறல" என்றார் டீச்சர்.

"ஐயையோ! பின்னட்டைல போட்டிருந்த முதல் வழிய நேத்துதானே பிரேயர்ல பிள்ளைங்ககிட்ட சொன்னேன்!"

பிளாஸ்டிக் உறை முதல்முறையாகக் கிழிந்தது. அதுவும் பில் போட்ட பிறகு.

இப்படி ஒரு வாரம். சோபாவிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து ஓடுவதைப் பார்த்து டீச்சர் பூரித்துப்போனார். இந்தக் கடை சீக்கிரம் மூடிவிடும் என்று கணக்குப் போட்டார். அப்போது டை கட்டிய மேனேஜர் தன் கையாலேயே காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"மேடம், நீங்க யாருன்னு தெரியல. ஆனா நீங்க வந்த பிறகுதான் சோபால இருக்கறவங்க எந்திரிச்சு பில் போடறாங்க. கம்பெனியில என்னைப் பாராட்டி இருக்காங்க. நாளைக்கும் கண்டிப்பா வரணும். உங்களுக்குன்னே தனி சோபா போடச் சொல்றேன்."

டீச்சர் காப்பியைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். எதிரிக்கு வேட்டு வைக்கிறோம் என்று நினைத்து அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு அல்லவா வெடி வெடித்திருக்கிறார்!

திரும்பி நடக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. சரியான முடிவைச் சொன்னால் பாதிப் பேர் புத்தகத்தைக் கீழே வைக்கிறார்கள். தப்பான முடிவைச் சொன்னால் ஒருத்தர் பாக்கியில்லாமல் வாங்குகிறார்கள். தப்பு விடையைப் பார்த்த பிள்ளைதானே கணக்கை முழுசாகப் போட்டுப் பார்க்கும்! இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் இது தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

கடை வாசலில் பல் டாக்டர் காத்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"பொய்! பச்சைப் பொய்! சமையல்காரன் யாரையும் கொல்லல. அவன் முதலாளி மச்சான்தான் கொன்னான். நாலு தடவ திருப்பித் திருப்பிப் பாத்தேன்!"

"அப்ப முழுசா படிச்சீங்களா?"

"ஆமா... முழுசாத்தான். என் வாழ்க்கைல முழுசா படிச்ச முதல் கதைம்மா இது. ஆனா அந்த மேனேஜர்கிட்ட போய்க் கத்தினா, சாரி சார், சாரி சார்னு சிரிக்கறான். சண்டை போடக்கூட ஆளில்ல அங்க."

"உள்ள வாங்க, சண்டை போடலாம். மச்சான் கொல்றதுக்கு என்ன அவசியம்? எனக்கென்னவோ சமையல்காரன் மேலதான் இன்னும் சந்தேகம்."

அன்று மாலைவரை வாதம் நடந்தது. மருந்துக் கடைக்காரர் விலக்கிவிட வந்து, ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார். போகும்போது பல் டாக்டர் வேறொரு நாவலைக் கையில் எடுக்க, டீச்சர் அதற்கும் ஒரு முடிவைக் கூசாமல் அவிழ்த்துவிட்டார். "இருக்கவே முடியாது!" என்று கத்திக்கொண்டே டாக்டர் அதை வாங்கிப்போனார்.

அடுத்த நாள் தலைமையாசிரியை வந்தார் சண்டைக்கு. அவருக்குப் பின்னால் அவரோடு சண்டை போட நாலு பேர். கடையில் கூச்சல் எந்த அளவுக்கு என்றால், எதிரே நூலகத்தில் அலமாரிப் புத்தகங்கள் தாமாகவே திரும்பி வேடிக்கை பார்த்தன என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். நூலகத்துக் கடைநிலை ஊழியர்தான் வந்து பார்த்தார்.

புத்தக மாளிகையில் சோபாக்கள் மறுபடி நிரம்பின. பில் மட்டும் பழையபடி நின்றுபோயிற்று. மேனேஜர் காப்பியோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருஷக் கடைசியில் கொழுந்தன் கொத்தனாரோடு வந்தார். நுழைய இடமில்லை. பல் டாக்டரும் மருந்துக் கடைக்காரரும் கழுத்து நரம்பு புடைக்க மோதிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கியவர், பொழுதுபோக ஒரு புத்தகத்தை எடுத்தார். சொத்துக்காக மோதிக்கொள்ளும் அண்ணன் தம்பி கதை. இரண்டு பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணி, இதுல கடைசில என்ன ஆகுது?"

காலையிலிருந்து பொய் சொல்லிச் சொல்லி டீச்சருக்கு வாய் ஓய்ந்திருந்தது. அந்தக் கடைசிப் பக்கத்தை அவர் பார்த்திருந்தார். உண்மையையே சொல்லிவிட்டார்.

"தம்பி தன் பங்க அண்ணன் குடும்பத்துக்கே எழுதிக் குடுத்துடறான்."

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். "என்கிட்டயேவா அண்ணி! ஊரே சொல்லுதே நீங்க சொல்றதெல்லாம் புளுகுன்னு. எந்தத் தம்பியாவது அப்படிச் செய்வானா?"

"வாங்கிப் படிச்சுத்தான் பாருங்களேன்."

கொத்தனாரை அனுப்பிவிட்டு வாங்கிப் போனார். சொந்தக்காரர் என்று தள்ளுபடி கேட்டார். கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. புத்தகத்தை மேஜையில் அடித்தார். "நிஜமாவே எழுதிக் குடுத்துடறானே அண்ணி! மடையன்! கொஞ்சமாவது யோசிச்சானா?"

"அவன் செஞ்சது சரிதான்" என்றார் டீச்சர்.

"எப்படிச் சரி? எப்படி?"

அன்று கடை சாத்தும்வரை அவர் போகவில்லை. அந்தத் தம்பியின் முட்டாள்தனத்தை நிரூபிக்க வந்தவர்போனவரை எல்லாம் சாட்சிக்கு இழுத்தார். கடைசியில் டீச்சர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டி, "வருஷம் முடிஞ்சுது. இத என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்றார்.

கொழுந்தன் கூட்டத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். தட்டவில்லை. "நிக்கற கடைய நான் ஏன் சாய்க்கணும்? சொன்ன வார்த்தை வார்த்தைதான். ஆனா என் பாதி என் பேர்லதான் இருக்கும், சொல்லிட்டேன். கதை வேற, பத்திரம் வேற."

"அதுல சண்டையே இல்ல. இந்தாங்க, அடுத்தது. இதுல அந்தப் பொண்ணு கடைசில மாமியார கல்யாணம் பண்ணிக்குடுக்குது."

"யாருக்கு?" என்று அலறினார் கொழுந்தன்.

டீச்சர் விளக்கை அணைத்தார்.

மறுநாள் காலை அவர் வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தார். கொழுந்தன் அதற்கு முன்பே பூட்டிய கதவுக்கு முன்னால், அக்குளில் புத்தகமும் கண்ணில் தூக்கமுமாக நடந்துகொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் நிக்கறது? சீக்கிரம் தொறங்க அண்ணி!"