இரண்டு பேர் கேட்ட '.மல்லி'

விளாங்குடியில் நான் வேலை பார்த்த சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி, மாட்டுத்தாவணி பூ வியாபாரிகளுக்காக ஒரு விண்ணப்பம் போட்டது. இணைய முகவரிகள் '.காம்' என்று முடிவதுபோல '.மல்லி' என்றும் முடிய வேண்டும் என்று, அவற்றை நிர்வகிக்கும் உலக அமைப்பிடம் கேட்டிருந்தோம். அதையே மலேசியாவில் ஒரு பூக்கடைச் சங்கமும் கேட்டிருந்தது. ஒருவருக்குத்தான் கிடைக்கும்; யாரும் விலகாவிட்டால், அதிகப் பணம் தருபவருக்கு என்று ஏலத்துக்குப் போய்விடும்.

வீடியோவில் பேசினோம். சங்கத்தின் சார்பில் வந்த அம்மா, "அங்க மழையா? பூ வரத்து எப்படி?" என்று தமிழில் கேட்டார். எங்கள் முதலாளி சிரித்துவிட்டார். அப்புறம் இருவரும் பூவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாம விலகிக்குவோம் மாப்ள. நம்ம பூ யாவாரிகளுக்கும் '.மல்லி' முகவரி தாரேன்னு அந்தம்மா சொல்றாக," என்றார் முதலாளி என்னிடம்.

எம்புட்டு உழைப்பு! எனக்கு மனசே ஆறவில்லை. இருந்தாலும் விலகல் மெயிலை நானே அனுப்பினேன். அந்த அம்மா உடனே போன் செய்தார். அழுதுகொண்டே நன்றி சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு வருத்தமில்லை.